அணியம் இல்லாத முத்திரை

போரா காற்று மலையிலிருந்து இறங்கி அடிக்கத் தொடங்கிவிட்டால் ட்ரியெஸ்ட் நகரத்துத் தெருக்களில் யாரும் தாழ்ந்த குரலில் பேச முடியாது. சோத்திரிஸின் ரோமத்தோல் கடைக்குள் அந்தக் காற்று எட்டிப் பார்க்கவே இல்லை. அங்கும் எல்லாரும் உரக்கத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"யானினாவைக் கொண்டுபோய்க் கடைசியில போட்டிருக்கீரே வாத்தியாரே, இது உமக்கே நியாயமா இருக்கா?" என்று கேட்டார் சோத்திரிஸ். கேட்டுக்கொண்டே ஒரு நரித்தோலை எடுத்துக் கோபத்துடன் உதறினார். தூசு முழுவதும் வாத்தியார் கிரிசாந்தோஸின் மேலங்கியில் படிந்தது.

"கியோஸுக்கு அடுத்து, எந்தெந்த ஊர் எப்போது கிளர்ந்தெழுந்ததோ அந்த வரிசையில் போட்டிருக்கிறேன். உங்க ஊர் இன்னும் துருக்கிப் பாஷாவோட பிடியில இருக்கு."

"அதுக்கு நாங்க என்ன செய்ய? போன வாரம் அகர வரிசையில எழுதியிருந்தீரே, அது நல்லாத்தானே இருந்தது?"

"நல்லா இருந்திருக்கும், உனக்கு!" என்றாள் அர்கிரோ. கடைவாசலில் கிடந்த தோல்பொதியின்மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள் அவள். ஹைத்ரா தீவைச் சேர்ந்த கப்பல் தலைவன் ஒருவனின் விதவை. துறைமுகத்தில் எல்லாரும் அவளைக் கப்பித்தானம்மா என்றே அழைத்தார்கள். "எழுத்து வரிசையில முன்னாடி வந்துட்டா உங்க ஊர்க்காரங்க பெரிய ஆளா? என் புருஷன் சொந்தக் கப்பலுக்குத் தீ வெச்சு எதிரிக் கப்பல் மேல மோதினான். உங்க ஊர்ல என்னத்தக் கொளுத்தினாங்க? அடுப்பா?"

கிரிசாந்தோஸ் கண்களை மூடிக்கொண்டார். துருக்கியரிடமிருந்து விடுதலை கேட்கும் அந்த விண்ணப்பத்தை எத்தனை முறை மாற்றி எழுதினார் என்பது அவருக்கே நினைவில்லை. முதல் வரைவில் அவருடைய சொந்த நாடான பெலொப்பொனீஸ் முதலில் நின்றது. சொந்த ஊருக்குச் சலுகை காட்டுகிறார் என்றார்கள். அகர வரிசைக்கு மாற்றினார்; கிரேக்க எழுத்துகளில் யானினா முன்னால் வந்துவிட்டது. கப்பித்தானம்மா தாளைச் சுருட்டி அவர் மடியில் எறிந்தாள். அதிகம் துன்பப்பட்ட ஊரை முன்னால் வைத்தார். துன்பத்தை எந்தப் படியால் அளந்தீர் என்று கேட்டார்கள். ஐரோப்பாவின் மன்னர்களெல்லாம் ஒரே நகரில் கூடியிருக்கிற இந்த இலையுதிர்காலத்தில், ஒரு தேசம் தன்னைத் தேசம் என்று சொல்லிக்கொள்ள வேண்டிய ஒரே தாள், நான்கு ஊர்ப் பெயர்களின் வரிசையில் சிக்கிக் கிடந்தது.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. பதுவா பல்கலைக்கழகத்தில் அவருடன் படித்த கோன்ராட் இப்போது மாநாட்டுப் பிரதிநிதி ஒருவரின் செயலாளராக இருந்தான். தன் எசமானர் முன்னால் கிரிசாந்தோஸை நிறுத்தக் கால்மணி நேரம் பெற்றுத் தருவதாக எழுதியிருந்தான். ஆனால் வெறும் அறிஞராக வந்தால் வாசற்படியோடு சரி. கிரேக்கர்களின் ஏதாவதொரு முறையான அமைப்பின் முத்திரையோடு, அதன் தூதராக வரவேண்டும் என்பது நிபந்தனை. கிளர்ச்சி அரசு அனுப்பிய நியமனத் தாள் வந்த கப்பலோ நோய்த்தடுப்புக் காவலில் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டுக் கிடந்தது. மாநாடு கலைந்த பிறகுதான் அது கரைக்கு வரும். மிச்சமிருந்தது ட்ரியெஸ்ட் கிரேக்கச் சமூகத்தின் முத்திரை ஒன்றுதான். அஞ்சல் வண்டி சனிக்கிழமை காலை புறப்படும்.

அந்த முத்திரை நான்கு துண்டு. பித்தளையில் வெட்டிய வட்டம்; பாய் விரித்த கப்பல், அதன்மேல் ஒரு சிலுவை. வட்டத்தை நான்காக அறுத்து, ஊருக்கு ஒருவராக நான்கு அறங்காவலர்களிடம் கொடுத்திருந்தார்கள். நான்கையும் இறுக்கிப் பிடிக்கும் வளையமும் கைப்பிடியும் தேவாலயத்தில் பாதிரியாரிடம் இருக்கும். நால்வரும் தத்தம் துண்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தால்தான் சமூகத்துக்குக் குரல் உண்டு. யானினாவின் துண்டு சோத்திரிஸிடம், ஹைத்ராவுடையது கணவன் இறந்தபின் அர்கிரோவிடம், பெலொப்பொனீஸுடையது கிரிசாந்தோஸிடமே. நான்காவது, கப்பலின் முன்முனையான அணியம் பொறித்த துண்டு, கியோஸ் தீவுக்காரரான பந்தெலிஸிடம்.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர் வேறு யாருமல்ல. பதுவாவிலிருந்து புதிதாகத் திரும்பியிருந்த இளைஞன் கிரிசாந்தோஸ்தான் சமூகத்தின் சட்டதிட்டங்களை எழுதினான். ஒருவர் கையில் முழு முத்திரை இருந்தால் அவர் ஒரு சிறு சுல்தானாகிவிடுவார் என்று அன்று கூட்டத்தில் முழங்கினான். கைதட்டினார்கள். அதன்பிறகு வட ஐரோப்பிய அரசொன்றின் தூதரகத்தில் பல ஆண்டுகள் பணிபுரிந்து, கிளர்ச்சி வெடித்த அன்றே அந்தப் பதவியைத் தூக்கியெறிந்து, தலையில் நரையோடு இதே ஊருக்குத் திரும்பியவருக்கு, அந்தக் கைதட்டல் இப்போது காதில் வேறு மாதிரி ஒலித்தது.

"சரி. யானினாவை இரண்டாவதாகப் போடுகிறேன்" என்றார்.

சோத்திரிஸ் அர்கிரோவைப் பார்த்தார். அர்கிரோ முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் இடுப்பு முடிச்சை அவிழ்த்துத் தன் துண்டை எடுத்துக் கிரிசாந்தோஸின் உள்ளங்கையில் வைத்தாள். "உமக்காகத்தான். இவனுக்காக இல்ல."

"எனக்காக யாரு எதைச் செஞ்சாங்க?" என்று முனகியபடி சோத்திரிஸும் பெட்டியைத் திறந்தார்.

"பந்தெலிஸ்?" என்று கேட்டாள் அர்கிரோ.

கிரிசாந்தோஸ் இரண்டு துண்டுகளையும் கைக்குட்டையில் முடிந்தார். கியோஸை முதலில் வைத்தால் தருவதாகச் சொன்னவர் பந்தெலிஸ். வைத்தார். பிறகு, துருக்கியர் கியோஸில் நடத்திய படுகொலையைப் பற்றிய வாக்கியம் மெலிவாக இருக்கிறது என்றார். வலுவாக்கினார். அடுத்த நாள் அதுவே அளவுக்கு மிஞ்சி வலுவாக இருக்கிறது என்றார். நேற்று வேலைக்காரியை அனுப்பித் தலைவலி என்று சொல்லச் சொன்னார்.

"தலைவலியாம் தலைவலி!" என்றார் சோத்திரிஸ். "கியோஸ்காரனுக, தீவுல விளையுற மரப்பிசினை வித்துத் தின்னு கொழுத்தவனுக. எதையும் சும்மா தரமாட்டானுக. இன்னும் என்ன விலை கேக்கலாம்னு யோசிக்கிறான்."

அன்று மாலை கிரிசாந்தோஸ் பந்தெலிஸின் வீட்டுப் படிகளில் ஏறும்போது, சொல்லவேண்டியதை வாக்கியம் வாக்கியமாக மனத்துக்குள் கோத்துக்கொண்டுதான் ஏறினார். அவை கூர்மையான வாக்கியங்கள். தூதரகத்தில் இருந்த காலத்தில்கூட அவர் அப்படி எதையும் எழுதியதில்லை.

பந்தெலிஸ் சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தட்டில் சீமைமாதுளை இனிப்பு தொடாமல் இருந்தது. சவரம் செய்யாத முகம்.

"தலைவலி எப்படி இருக்கு?"

"உட்காருங்க வாத்தியாரே."

"உட்கார நேரமில்லை. நாளை மறுநாள் வண்டி. கியோஸ் முதலில் இருக்கிறது. உமக்கு வேண்டிய வாக்கியம் இருக்கிறது, வேண்டாத வாக்கியம் இல்லை. இன்னும் என்ன குறை? எழுத்தைத் தங்கத்தால் பூசணுமா? அங்கே ஆட்கள் சாகிறார்கள். இங்கே நாம் யார் பெயர் முன்னால் என்று..."

"பெயரை எடுத்திருங்க."

"என்ன?"

"கியோஸ் பெயரையே எடுத்திருங்க. நாங்க ஒரு ஊரே இல்லைன்னு வெச்சுக்கிடுங்க."

கோத்துவைத்திருந்த வாக்கியங்கள் எதற்கும் இந்தப் பதில் பொருந்தவில்லை. கிரிசாந்தோஸ் உட்கார்ந்தார்.

பந்தெலிஸ் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "என் அண்ணன் மக மார்க்கெல்லாவை உங்களுக்குத் தெரியும். போன தடவ வந்திருந்தப்ப உங்ககிட்டதான் நாள் பூரா கேள்வி கேட்டுக்கிட்டே இருந்தா."

"பூமி உருண்டைன்னா கடல் ஏன் கொட்டவில்லை என்று கேட்டாள்" என்றார் கிரிசாந்தோஸ். அந்தக் குடும்பத்தில் யாரும் பிழைக்கவில்லை என்றுதான் அவரும் ஊராரும் நினைத்திருந்தார்கள். வசந்தத்திலேயே அவர்களுக்காக வேகவைத்த கோதுமை படைத்து நினைவு வழிபாடும் நடந்து முடிந்திருந்தது. அவரும் அந்தக் கோதுமையைத் தின்றவர்தான்.

"உசுரோட இருக்கா. ஸ்மிர்னாவுல, ஆகான்னு சொல்லுற ஒரு துருக்கிப் பிரபுவோட வீட்டுல, அடிமையா. பிரெஞ்சுக்கார வியாபாரி ஒருத்தர் நடுவுல நின்னு பேசுறார். ஆகா விலை கேட்டான், சம்மதிச்சாச்சு. ஆனா அவனுக்கு மேல ஒருத்தன் இருக்கான்ல? கலகக்காரன் வீட்டுப் பொண்ண விட்டான்னு பேர் வந்தா ஆகா தலை போயிரும். 'குடும்பம் எப்படிப்பட்டது'ன்னு விசாரிச்சுக்கிட்டிருக்காங்க." பந்தெலிஸ் இனிப்புத் தட்டைத் தள்ளிவைத்தார். "அந்த மாநாட்டுல ஒரு தாள் கைமாறினா, மை காயுறதுக்குள்ள அதோட நகல் கான்ஸ்டான்டிநோப்பிளுக்கு, சுல்தான் ஆளுங்ககிட்ட போயிரும்; அதுல என் துண்டோட அச்சு இருந்தா எங்க குடும்பமும் கலகக் குடும்பம்தான். நீங்க தூதரகத்துல இருந்தவர். நான் சொல்றது பொய்யா?"

பொய்யில்லை என்பது கிரிசாந்தோஸுக்குத்தான் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். அப்படிப்பட்ட நகல்களை அவரே எடுத்ததுண்டு.

"இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! எங்களிடம் மட்டுமாவது..."

"சோத்திரிஸ்கிட்டயா? விளக்கு வைக்கிறதுக்குள்ள காஃபிக் கடை முழுக்கத் தெரிஞ்சிரும். அங்க யார் யார் ஒற்றுவேலை பாக்குறாங்கன்னு நமக்குத் தெரியுமா?" பந்தெலிஸ் சட்டைப் பையிலிருந்து பித்தளைத் துண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். அணியமும் அதன்கீழ் இரண்டு அலைக்கோடுகளும். "நான் குடுக்க மாட்டேன். ஆனா நீங்க எடுத்தா தடுக்கவும் மாட்டேன். எது பெருசுன்னு உங்களுக்குத்தானே தெரியும்? நீங்க படிச்சவர்."

கிரிசாந்தோஸுக்கு ஆத்திரம் வந்தது. மறுத்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். கொடுத்திருந்தால் நன்றி சொல்லியிருக்கலாம். இப்படித் தீர்ப்பை எதிராளியின் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற மனிதனை என்ன செய்வது? அவர் கை அந்தத் துண்டை எடுத்தது. எடை குறைவு. ஒரு நாட்டின் பெயரைச் சொல்லி எடுத்துவிடலாம். ஆயிரம் மார்க்கெல்லாக்கள் அந்தக் கரையில் இருக்கிறார்கள் என்று சொல்லி எடுத்துவிடலாம். சொல்லிப் பார்த்தார். ஆயிரம் பேருக்கு முகம் வரவில்லை; கடல் ஏன் கொட்டவில்லை என்று கேட்டவளுக்கு மட்டும் வந்தது.

துண்டைத் தட்டின் ஓரத்தில் திரும்ப வைத்தார். வைத்த வேகத்தில் கரண்டி துள்ளிக் கீழே விழுந்தது.

"என்னைப் படிச்சவர்னு இனிமே சொல்லாதீர்" என்றார். கதவருகே நின்று, திரும்பாமலே, "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்றார்.

மறுநாள் அர்கிரோவின் சமையலறையில் அரக்கு உருகிக்கொண்டிருந்தது. பாதிரியாரிடம் வாங்கிவந்த வளையத்துக்குள் மூன்று துண்டுகள். நான்காவது இடத்தில் ஓட்டை. துண்டுகள் ஆடாமல் இருக்க, அந்த ஓட்டையில் சோத்திரிஸ் ஒரு தக்கையைச் சீவி அடைத்தார்.

"என்னதான் சொன்னான்?" என்று கேட்டாள் அர்கிரோ.

"பெயர் வரிசைதான்."

"கியோஸைத்தான் முதல்ல போட்டாச்சே!"

"அது போதாதாம்."

அர்கிரோ சாம்பலில் காறித் துப்பினாள். "தன் ஊரே சாம்பலாப் போன பிறகும் இந்த வீம்பு போகலையே! நான் போய்க் கேக்கட்டுமா? அவன் தாடியப் பிடிச்சுக் கேக்குறேன்."

"வேண்டாம் கப்பித்தானம்மா. போகாதீங்க."

"நீங்க ரொம்ப நல்லவர் வாத்தியாரே. அதுதான் நமக்குப் பிடிச்ச சனியன்."

சோத்திரிஸ் குரலைத் தாழ்த்தினார். அவர் குரல் தாழ்ந்து யாரும் கேட்டதில்லை. "எதுக்கு இவ்வளவு கஷ்டம்? கடைத்தெருவுல தட்டான் இருக்கான். பழைய தாள்ல இருக்கிற பதிவைக் காட்டினா ஒரு பொழுதுல அந்த நாலாவது துண்டை வெட்டிக் குடுத்திருவான். யாருக்குத் தெரியப்போகுது?"

"பந்தெலிஸுக்குத் தெரியும்."

"தெரியட்டுமே! வயிறெரியட்டும்!"

கிரிசாந்தோஸ் கரண்டியிலிருந்த அரக்கைத் தாளின்மேல் ஊற்றினார். போலித் துண்டும் அசல் துண்டும் ஸ்மிர்னாவில் ஒரே மாதிரிதான் படிக்கப்படும் என்பதை இவர்களிடம் சொல்ல முடியாது. ஆகவே சொல்ல முடிந்ததைச் சொன்னார்: "தட்டானால் செய்ய முடிகிற சம்மதத்துக்கு நாம் எதற்கு? சுல்தானே ஒரு தட்டானை வைத்துக்கொள்ளலாமே."

"பேச்சு மட்டும் வக்கணையா வரும்" என்று அலுத்துக்கொண்டார் சோத்திரிஸ்.

கிரிசாந்தோஸ் கைப்பிடியை அழுத்தி எடுத்தார். பாய் பதிந்திருந்தது, சிலுவை முழுதாக இருந்தது, கப்பலின் பின்புறமும் சுக்கானும் தெளிவு. முன்னால், தக்கை அமுங்கிய இடத்தில், வழவழவென்று ஒரு சிவப்பு மொழுக்கை.

"அணியம் இல்லாத கப்பல்" என்றாள் அர்கிரோ. "என் வீட்டுக்காரர் பாத்திருந்தா இதைக் கட்டினவன் முதுகுலயே துடுப்பால சாத்தியிருப்பார்." பிறகு அவரைப் பார்த்தாள்; குரல் இறங்கியது. "இதோட உள்ள விடுவாங்களா?"

"கோன்ராட் இருக்கிறான். பார்த்துக்கொள்வான்."

வண்டிப் பயணம் முழுவதும் அந்த மொழுக்கைக்கு ஒரு விளக்கம் தேடினார். அறங்காவலர் நோயுற்றிருக்கிறார் என்றால், யார், எங்கே, மருத்துவரை அனுப்பட்டுமா என்பார்கள். இறந்துவிட்டார் என்றால், ட்ரியெஸ்டுக்கு ஆள் அனுப்பிக் கல்லறையைத் தேடுவார்கள். துண்டு தொலைந்தது என்றால், தொலைத்தவர் யார் என்பது அடுத்த கேள்வி. எந்த விளக்கத்தைத் தொட்டாலும் அது உருண்டு உருண்டு ஒரு பெயரில்தான் போய் நின்றது. அந்தப் பெயர் கிடைத்தால் போதும், ஒற்றர் துறைக்காரர் அதிலிருந்து ஸ்மிர்னாவுக்குப் போய்விடுவார்.

பிரதிநிதி தங்கியிருந்த மாளிகையின் முன்னறையில் கணப்பு எரிந்தது. கோன்ராட் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வந்தான். தொப்பை வைத்திருந்தது.

"டேய் கிரிசாந்தோஸ்! அதே மேலங்கியா? பதுவாவுல போட்டிருந்தியே அதுவா இது?"

"அதுக்கு நீதானே பதில் சொல்லணும்? அடகு வெச்சு மது வாங்கிக் குடிச்சியே."

கோன்ராட் வாய்விட்டுச் சிரித்தான். நல்லவன்தான், உதவ வேண்டும் என்றே நினைத்தான். சன்னலோரச் சிறு மேசையில் சாம்பல்நிறச் சட்டை அணிந்த ஒருவன் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தான். அவனை யாரும் அறிமுகப்படுத்தவில்லை. சிரிப்பைக்கூட எழுதுகிறானோ என்று தோன்றும்படி அவன் பேனா நிற்காமல் ஓடியது.

"எசமானர் காத்துக்கிட்டிருக்கார். நீ பதிப்பிச்ச பழைய கிரேக்க நூலைக்கூடப் படிச்சிருக்காராம். இன்னிக்கு மனசு இளகி இருக்கு, உன் அதிர்ஷ்டம். குடு தாளை." கோன்ராட் வாங்கி விரித்தான். வேகமாகப் படித்துத் தலையாட்டினான். "நல்லா எழுதியிருக்க. இது போதும்டா, இதை வெச்சு நான்..." கண் கீழே இறங்கியது. விரல் நகத்தால் அரக்கைச் சுரண்டிப் பார்த்தான். "இது என்ன, உடைஞ்சு போச்சா?"

"இல்லை."

"உங்க முத்திரை நாலு துண்டுன்னு நீதானே பெருமையாக் கடிதத்துல எழுதுவே? ஒண்ணு காணோமே. யாரோடது?"

சன்னலோரம் பேனா நின்றது. அந்த அறையில் நுழைந்ததிலிருந்து அது நின்றது அப்போதுதான். சாம்பல்நிறச் சட்டைக்காரன் தலையை நிமிர்த்தவில்லை, காத்திருந்தான்.

"சொல்லுடா. ஏதாவது தகுந்த காரணம் இருந்தா நான் உள்ள போய்ச் சமாளிக்கிறேன். ஆள் படுக்கையில கிடக்கானா? மிரட்டினாங்களா? மிரட்டினாங்கன்னா இன்னும் நல்லது. எசமானருக்குக் கோபம் வரும். சொல்லு."

உண்மையைச் சொன்னால் அந்தக் கதவு திறக்கும். கிரிசாந்தோஸுக்கு அது சந்தேகமறத் தெரிந்தது. இவ்வளவு ஆண்டுப் படிப்பில், தூதரகத்தில், தூக்கியெறிந்த பதவியில் அவர் சேர்த்துவைத்த சொல்வன்மை அத்தனையும்விட, ஸ்மிர்னாவில் சிறைப்பட்டிருக்கும் ஒரு சிறுமியைப் பற்றிய ஒரு வாக்கியம் அந்த அறைக்குள் அதிகம் சாதிக்கும். அதே வாக்கியம் சன்னலோரத் தாளிலும் ஏறும்; அங்கிருந்து கான்ஸ்டான்டிநோப்பிளுக்குப் போகும்.

மறுகேள்வி எழாத பதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஐரோப்பா முழுவதும் ஏற்கெனவே நம்பிக்கொண்டிருந்த பதில் அது. தன் வாழ்நாளில் எத்தனையோ விருந்து மேசைகளில், எத்தனையோ கடிதங்களில், அது பொய் என்று நிறுவுவதற்கே அவர் மூச்சைச் செலவழித்திருந்தார்.

"எங்களுக்குள்ள ஒத்துப்போகலை" என்றார்.

"எதுல?"

"ஊர்ப் பெயர்களில் எது முதலில் வரவேண்டும் என்பதில். சண்டை வந்துவிட்டது. ஒருவர் துண்டைத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்."

கோன்ராட் அவரையே பார்த்தான். சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாத முகம். பிறகு நெடுநாள் நட்பின் உரிமையில் மெல்லச் சிரித்தேவிட்டான். "அடப்பாவிகளா! பெயர் வரிசைக்கா? இத்தனை ரத்தத்துக்கு நடுவுலயா? டேய், இதை நான் உள்ள போய் எப்படிச் சொல்லுவேன்? 'முதல்ல ஒரு முத்திரைக்கு ஒத்துப்போகச் சொல்லு, அப்புறம் நாடு கேக்கலாம்'னுதானே சொல்லுவார்?"

"அப்படித்தான் சொல்லுவார்."

"வேற எதுவும் இல்லையே? என்கிட்ட மறைக்கலையே நீ?"

"இல்லை."

கோன்ராட் தாளை மடித்து அவர் கையில் திரும்ப வைத்து, அந்தக் கையை ஒருகணம் பிடித்திருந்தான். பிறகு உள்கதவை நோக்கிப் போனான். கதவு திறந்து மூடியது. உள்ளே ஒரு வயதான குரல் ஏதோ கேட்டது. கோன்ராட் ஏதோ சொன்னான். இரண்டு பேர் சேர்ந்து சிரிக்கும் ஓசை வந்தது.

கிரிசாந்தோஸ் தொப்பியை எடுத்துக்கொண்டார். ஆனால் வாசல் பக்கம் போகாமல் சன்னலோர மேசையருகே வந்து நின்றார். சாம்பல்நிறச் சட்டைக்காரன் இப்போது நிமிர்ந்து பார்த்தான். அவன் தாளில் கடைசி வாக்கியம் பாதியில் நின்றிருந்தது.

"வேகமாகச் சொல்லிவிட்டேனா?" என்று கேட்டார் கிரிசாந்தோஸ்.

அவன் தயங்கினான். பிறகு, வேலையின் பழக்கம் வென்றதுபோல, "ஆமாங்க. கடைசியில சொன்னது சரியா காதுல விழலை. எதுக்காகச் சண்டைன்னு சொன்னீங்க?" என்றான்.

"பெயர் வரிசைக்காக" என்றார் கிரிசாந்தோஸ். மாணவனுக்குப் பாடம் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்தித் திரும்பச் சொன்னார். அவன் எழுதி, மை உலர மணல் தூவி, ஈரம் போனதா என்று விரலால் தொட்டுப் பார்க்கும்வரை அங்கேயே நின்றார்.